தர்க்கத்துல யாரு ஜெயிச்சா? சங்கரன்கோவில் பக்கம் ஒரு நாடக ராத்திரி

பங்குனி பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள சுவர்களுக்கு ஓய்வு கிடையாது. கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, அரசியல் கூட்டம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய காகிதங்களுக்கு நடுவே, மயில்மேல் முருகன் உட்கார்ந்திருக்கும் ஒரு நோட்டீஸ் எட்டிப் பார்க்கும். மேலே அம்மன் பெயர், கீழே ஊர்ப் பெயர், நடுவே கொட்டை எழுத்தில் 'வள்ளி திருமணம்'. அதைச் சுற்றிலும் நடிகர், நடிகைகளின் முகங்கள்.

பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காமலும் நகர்ந்துவிடுவார்கள். நாடக ரசிகர் மட்டும் நின்றுவிடுவார். கதையின் பெயரை அவர் படிப்பதே இல்லை. கதைதான் சின்ன வயதிலிருந்து தெரியுமே! முருகன் யார், வள்ளி யார், நாரதர் யார், பபூன் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்: "அண்ணாச்சி, ஆர்மோனியம் யாருன்னு போட்டிருக்கா?"

அந்த ரசிகர் யாராகவும் இருக்கலாம். பகலெல்லாம் தறி ஓட்டுகிறவர், பூ மார்க்கெட்டில் மல்லிகை நிறுக்கிறவர், பென்ஷன் வாங்கும் வாத்தியார், பேத்தியை மடியில் தூங்கவைத்துக்கொண்டு விடியவிடியக் கண் கொட்டாமல் பார்க்கும் ஆச்சி. ஐம்பது முறை 'வள்ளி திருமணம்' பார்த்தவர்கள் இந்தப் பக்கம் சாதாரணம். "அதே வள்ளி, அதே முருகன், அதே கல்யாணம். இதில் திரும்பத் திரும்பப் பார்க்க என்ன இருக்கிறது?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்கு விடை தெரிய வேண்டுமென்றால் ஒரு ராத்திரி முழுக்க அவர்களோடு மண்ணில் உட்கார வேண்டும்.

வாக்குவாதத்தில் பிறந்த ஊர்

நாடகத்துக்குப் போகும் முன்பு கோயிலுக்குப் போய்விடுவது நல்லது. ஏனென்றால் சங்கரன்கோவிலின் தலபுராணமே ஒரு தர்க்கத்தில்தான் தொடங்குகிறது.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவபக்தன், மற்றவன் விஷ்ணு பக்தன். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று இருவருக்கும் ஓயாத வாதம். தீர்ப்புக் கேட்டு அம்பாளிடம் போனார்கள். அம்பாள் வாயால் தீர்ப்புச் சொல்லவில்லை. புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். ஆடி மாதம் பௌர்ணமியன்று இறைவன் வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் விஷ்ணுவாகவும் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார். வாதத்தில் இருவருமே தோற்கவில்லை, இருவருமே ஜெயிக்கவும் இல்லை.

அந்தக் காட்சிதான் இன்றும் ஆடித் தபசாக நடக்கிறது. பன்னிரண்டு நாள் திருவிழாவில் கோமதி அம்மன் தவக்கோலத்தில் வீதிக்கு வருவாள். சாயங்காலம் சங்கரநாராயணர் ரிஷப வாகனத்தில் எதிரே வந்து காட்சி கொடுப்பார். கரிசல் காட்டு விவசாயிகள் தாங்கள் விளைவித்த பருத்தியையும் வத்தலையும் தானியங்களையும் கொண்டுவந்து சப்பரத்தை நோக்கி வீசுவார்கள். நாடக ரசிகரின் கண்ணால் பார்த்தால் ரதவீதிதான் மேடை. கதாநாயகி ஒரு பக்கமிருந்து வருகிறாள், நாயகன் மறுபக்கமிருந்து வருகிறார், நடுவில் லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் வீட்டில் இருப்பதில்லை.

கோயிலுக்குள்ளேயே இன்னொரு கதையும் உண்டு. நெற்கட்டும்செவல் பாளையத்தின் பூலித்தேவனை வெள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகும் வழியில், சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டு அவர் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தாராம். நுழைந்தவர் திரும்பி வரவே இல்லையாம். அவர் மறைந்ததாகச் சொல்லப்படும் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். கதையைச் சொல்லும்போது சொல்கிறவரின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். இந்த ஊரில் கதை சொல்லத் தனியாகப் பயிற்சி தேவையில்லை.

'ஸ்பெஷல்' என்றால் என்ன?

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் கோயில் விழாவைச் சில ஊர்களில் 'கொடை' என்பார்கள், சில ஊர்களில் 'பொங்கல்' என்பார்கள். பெயர் எதுவானாலும் விழாவில் ஒரு ராத்திரி கலைக்கு உண்டு. ஓரிடத்தில் வில்லுப்பாட்டு, ஓரிடத்தில் கணியான் கூத்து, ஓரிடத்தில் நையாண்டி மேளத்தோடு கரகம். நாடகம் போடுகிற ஊர் என்றால் வரிப் பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கிவிடுவார்கள். டிக்கெட் கிடையாது. முதல் பார்வையாளர் அம்மன். அதனால்தான் பல ஊர்களில் மேடையைக் கோயில் நடையைப் பார்த்தபடி போடுகிறார்கள்.

நோட்டீஸில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று போட்டிருக்கும். ஏதோ சிறப்பு நிகழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் நடிப்பது 'கம்பெனி நாடகம்'. அப்படியில்லாமல் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்ப்பதுதான் ஸ்பெஷல். முருகன் மதுரையிலிருந்து வருவார், வள்ளி புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் வேறு எங்கிருந்தோ வருவார். ஒத்திகை கிடையாது. அன்று காலைவரை ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள்கூட மேடையில் ராத்திரி முழுக்கக் காதலிக்கலாம், சண்டை போடலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம்.

முன்பின் பழகாதவர்கள் எப்படிச் சேர்ந்து நடிக்க முடிகிறது? அங்கேதான் சங்கரதாஸ் சுவாமிகள் வருகிறார். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்பளத்தில் கணக்கு வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதிக் கொடுத்த பாட்டும் வசனமும் நடிகர்களுக்குப் பொதுப் பாடமாகிவிட்டது. 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் வியக்கும் செய்தி. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு நாடகம் கற்றுக்கொடுத்தார். 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். அவர் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் எந்த ஊர் வள்ளிக்கும் எந்த ஊர் முருகனுக்கும் அவர் போட்டுக்கொடுத்த பாதை தெரியும். எந்தக் கட்டத்தில் எந்தப் பாட்டு, எந்தக் கேள்விக்குப் பிறகு எந்த விருத்தம் என்பது இரண்டு பேருக்கும் மனப்பாடம். நடுவில் விட்டுவைத்த இடங்களில்தான் அவரவர் சாமர்த்தியம்.

பத்து மணிக்குப் பபூன்

நாடகத்தன்று சாயங்காலமே மேடைக்கு முன்னால் சாக்கும் பாயும் ஜமுக்காளமும் விரிந்துவிடும். ஆள் வராது, பாய் மட்டும் வந்து இடம் பிடிக்கும். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், நடுவில் எந்தப் பக்கமும் சேராத பிள்ளைகள். "அத்தை, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கால் நீட்ட எடமில்ல" என்று ஒரு குரல். "ஏல, மேடைகிட்டப் போகாத, சீன் அவுந்து விழுந்துரும்" என்று இன்னொரு குரல். ஓரமாகக் கடலை வண்டி, சுக்குக் காப்பி, பலூன்.

மேடையில் ஒரு பக்கம் பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டி என்றால் ஆர்மோனியம், காலால் மிதித்து வாசிப்பது. அதோடு மிருதங்கம், டோலக். 'ஆல்ரவுண்ட்' என்று ஒருவர் டிரம், சலங்கை, தாளம் என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார். அடி விழும்போது 'டொம்' என்று ஒலிக்க வேண்டியதும் அவர் பொறுப்பு.

ரசிகர் ஏன் முதலில் ஆர்மோனியக்காரரைத் தேடினார் என்பது இப்போது புரியும். ஸ்பெஷல் நாடகத்தில் மேடைக்குத் தலைவர் அவர்தான். நடிகருக்குச் சுருதி கொடுப்பார், பின்பாட்டுப் பாடுவார். தடுமாறினால் அடியெடுத்துக் கொடுப்பார். பபூன் ஜோக்குக்கு எதிர்க்கேள்வி போடுவார். புதிதாக வந்த நடிகையின் குரல் எந்தக் கட்டையில் நிற்கும் என்பதை முதல் வரியிலேயே பிடித்துவிடுவார். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்தப் பெட்டி நம் இசைக்கு ஒத்துவராது என்று அகில இந்திய வானொலி 1940-இலிருந்து 30 வருஷத்துக்கும் மேலாக ஒதுக்கியே வைத்திருந்தது. கிராமத்து மேடை அதை ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

பத்து மணி வாக்கில் கடவுள் வாழ்த்து. அப்புறம் பபூன். தனியாக வந்து ஊர்ப் பெருமை பேசுவார், பாடுவார், தன்னைத்தானே திட்டிக்கொள்வார். பிறகு டான்ஸ் ஆடும் பெண் வருவார். இருவருக்கும் நடக்கும் நகைச்சுவைச் சண்டையில் மேடைக்கு முன்னால் இருக்கும் வாலிபர் கூட்டம் விசிலடிக்கும். பெரியவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். சில ஊர்களில் பேச்சு எல்லை மீறுவதும் உண்டு. பெண்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்புக் கிளம்பும். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையோரம் போய்க் காதில் ஏதோ சொல்வார். பபூன் சட்டென்று முருகன் பாட்டுக்குத் தாவிவிடுவார். பார்ப்பவர்களின் கை இங்கே மேடைவரை நீளும்.

டீக்கடைப் பெஞ்சில் கிட்டப்பா

பன்னிரண்டு மணிக்கு மேல் ரசிகர்களில் பாதிப் பேர் டீக்கடைப் பக்கம் இருப்பார்கள். "வள்ளி வரட்டும், போலாம்" என்பார்கள். அதுவரை பழைய கதை ஓடும்.

இங்கிருந்து தென்காசி வழியாகப் போனால் செங்கோட்டை. எஸ்.ஜி.கிட்டப்பா 1906-இல் பிறந்த ஊர். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடிய குரல். அவருடைய அண்ணன் காசி ஐயர்தான் ஆர்மோனியம். கொழும்பு நாடக மேடையில் கிட்டப்பாவுடன் சேர்ந்த கே.பி.சுந்தராம்பாள் பிறகு அவர் மனைவியானார். அந்த ஜோடி நாடகம் என்றால் வண்டி கட்டிக்கொண்டு போவார்களாம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான். டீக்கடையில் இருக்கும் ஒருவரும் கிட்டப்பாவைப் பார்த்ததில்லை. தாத்தா சொல்லக் கேட்டதைப் பேரன்கள் நேற்றுப் பார்த்ததுபோலச் சொல்கிறார்கள்.

ராஜபாளையம் வழியாக வடக்கே போனால் சிவகாசி. விஸ்வநாத தாஸ் பிறந்த ஊர். முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு வெள்ளைக்கார ஆட்சியைக் கிண்டலடித்துப் பாடியவர். மேடைக்கு வெளியே போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்தும் பாடியவர். பலமுறை சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் 'வள்ளி திருமணம்'. முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவரின் உயிர் அந்த மேடையிலேயே பிரிந்தது. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் டீக்கடையில் ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள்.

பாட்டுக்கும் இந்த மண்ணில் பஞ்சமில்லை. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னிகுளத்துக்காரர்தான் அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய காவடிச்சிந்தின் மெட்டு தமிழ்நாட்டுக் காவடிகளை எல்லாம் ஆடவைத்தது. நாடக மேடைக்கும் அந்த மெட்டு அந்நியமில்லை. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் இதே மரபுக்கு 'இசை நாடகம்' என்று பெயர். அங்கே நடிகமணி வி.வி.வைரமுத்துவின் 'அரிச்சந்திர மயான காண்டம்' என்றால் ஊரே திரண்டது.

இரண்டு மணிக்குத் தர்க்கம்

மேடையில் வள்ளியின் குரல் கேட்டதும் டீக்கடை காலியாகிவிடும்.

தினைப்புனம் வரைந்த திரைக்கு முன்னால் வள்ளி ஆலோலம் பாடிக் குருவி ஓட்டுகிறாள். முதலில் நாரதர் வருகிறார். கல்யாணம் வேண்டாம் என்கிறாள் வள்ளி. ஏன் வேண்டாம் என்கிறார் நாரதர். இல்லறமா துறவறமா, ஆண் உயர்வா பெண் உயர்வா என்று வாதம் வளரும். அவர் ஒரு விருத்தம் பாடினால் இவர் ஒரு விருத்தம். பிறகு முருகன் வேடனாக வருகிறார், மானைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு. யாரைக் கேட்டு உள்ளே வந்தீர், மானுக்கு அடையாளம் என்ன, உமக்கு ஊர் எது, உறவு எது என்று வள்ளி கேட்டுக்கொண்டே போவாள். இதுதான் தர்க்கம். ரசிகர்கள் காத்திருந்தது இதற்காகத்தான்.

கேள்வியில் பாதி பழைய பாடத்தில் உள்ளது. மீதி அன்றைக்கு உதித்தது. புராணத்திலிருந்து ஒரு கணக்கு, இலக்கணத்திலிருந்து ஒரு மடக்கு, நடுவில் ஆதார் கார்டும் ரேஷன் கடையும்கூடத் தினைப்புனத்துக்குள் வந்துபோகும். எதிராளி என்ன கேட்பார் என்று இவருக்குத் தெரியாது. என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியாது. வள்ளி மடக்கிவிட்டால் பெண்கள் பக்கமிருந்து குலவைச் சத்தம் வரும். முருகன் திருப்பிக் கொடுத்தால் ஆண்கள் பக்கம் கைதட்டும். உற்சாகம் ஏறினால் ஒருவர் எழுந்து மேடைக்குப் போய் நூற்றொரு ரூபாய் அன்பளிப்புக் கொடுப்பார். அவர் பெயரும் தகப்பனார் பெயரும் மைக்கில் அறிவிக்கப்படும். தர்க்கம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நியூயார்க்கின் பிராட்வே வீதியில் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா' என்ற இசை நாடகம் 1988 ஜனவரியில் தொடங்கி 2023 ஏப்ரலில்தான் நின்றது. 35 வருஷத்தில் 13 ஆயிரம் காட்சிகளுக்கு மேல். அங்கே பெருமை என்பது, முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே கடைசி நாளும் நடத்திக் காட்டுவதில் இருக்கிறது. விளக்கு ஒரு விநாடி தப்பக் கூடாது. 'வள்ளி திருமணம்' அதைவிடப் பழைய நாடகம். தமிழ்நாட்டில் எத்தனை ராத்திரி நடந்திருக்கும் என்று எண்ணினவர் கிடையாது. ஆனால் இதன் பெருமை நேரெதிரானது. நேற்று நடந்தது இன்று நடக்கக் கூடாது. நேற்று கேட்ட கேள்வியையே இன்றும் கேட்டால், "பழசுதாம்மா, புதுசா ஒண்ணு போடு" என்று முன்வரிசை ஆச்சியே சொல்லிவிடுவார்.

ஐம்பது முறை பார்த்தவர் ஏன் ஐம்பத்தோராவது முறையும் வருகிறார் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. முடிவு எல்லோருக்கும் தெரியும். அந்த முடிவுக்கு இன்றைக்கு எந்த வழியாகப் போகப்போகிறார்கள் என்பது மேடையில் நிற்கும் இருவருக்குமே தெரியாது. அந்த நிமிஷம் ஒரே ஒருமுறைதான் நடக்கும். அப்போது அங்கே இருப்பவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

ஒப்பனை கலைந்த பிறகு

விடிகாலை நாலு மணிக்கு முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு விக்குகிறார். பிள்ளைகள் தூக்கம் கலைந்து சிரிக்கிறார்கள். யானை வருகிறது. வள்ளி பயந்து கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். கிழக்கு வெளுக்கும்போது கல்யாணம். வள்ளியாக நிற்கும் பெண்ணைச் சில ஆச்சிகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அரை மணி நேரம் கழித்து அதே பெண் முகத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, சாதாரணச் சேலையில், பெட்டியோடு ஊருக்குக் கிளம்புவார். அப்போது அவரைக் கையெடுத்துக் கும்பிட யாரும் இருக்க மாட்டார்கள். "நாடகக்காரி" என்ற சொல் காதில் விழும். அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் சூசன் சைசர் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி ஆராய்ந்தவர். 2005-இல் வெளியான அவருடைய நூலின் தலைப்புக்கே 'தமிழ் மேடையின் களங்கங்கள்' என்றுதான் பொருள். ராத்திரி ஆயிரம் பேர் முன்னால் ஆடிப் பாடும் நடிகைகள், பயணத்தின்போது யார் கண்ணிலும் படாமல் இருக்க எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதை அதில் விரிவாக எழுதியிருக்கிறார்.

வருமானமும் வருஷம் முழுக்க வருவதல்ல. விழாக்கள் நடக்கும் மாதங்களில் சம்பாதித்ததை வைத்துத்தான் மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். 2020, 2021 கொரோனாக் காலத்தில் திருவிழாக்கள் நின்றபோது இந்தக் குடும்பங்களின் அடுப்பும் அணைந்தது. இப்போது இன்னொரு சிக்கல். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை பொது இடங்களில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக் காலத்தில் வருஷத்துக்குச் சில நாள் மட்டும், அதுவும் நள்ளிரவு பன்னிரண்டுவரைதான் தளர்வு தர முடியும். ஸ்பெஷல் நாடகத்தின் நேரத்தைப் பாருங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு! பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் தூக்கம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு முடித்தாக வேண்டிய நாடகத்தில் முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். பபூனும் டான்ஸும் முடிந்து, கதையை ஒரு மணி நேரத்தில் சுருட்டிக் கல்யாணம் செய்துவைத்துவிட்டால், ஐம்பத்தோராவது முறை வந்தவருக்கு அங்கே என்ன மிச்சம்?

யூடியூபில் முழு நாடகங்களும் கிடைக்கின்றன. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் போகும்போது தர்க்கம் கேட்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் போனில் பார்ப்பவர் "புதுசா ஒண்ணு போடு" என்று சொன்னால் அது மேடைக்குக் கேட்காது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆச்சி சொன்னால்தான் வள்ளி இன்னொரு கேள்வி தேடுவாள்.

போக நினைப்பவர்களுக்கு

சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் இங்கே நிற்கும். திருநெல்வேலி, ராஜபாளையம், கோவில்பட்டி, தென்காசியிலிருந்து பஸ்கள் உண்டு. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் விழாக்கள் இருக்கும். ஆடித் தபசு பார்க்க வேண்டுமானால் ஜூலை அல்லது ஆகஸ்ட். பகலில் கோயிலும் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் பார்க்கலாம். மதியத்துக்கு இந்த ஊர் பிரியாணி பேர்போனது.

நாடகம் எங்கே என்று இணையத்தில் தேடி அலைய வேண்டாம். சுவர் நோட்டீஸைப் பாருங்கள். இல்லாவிட்டால் மைக் செட் கடையில் கேளுங்கள். எந்தக் கிராமத்தில் எந்த ராத்திரி என்ன நிகழ்ச்சி என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். மூன்று மணிக்கு மேல் கரிசல் காட்டுக் காற்று குளிரும். பிடித்திருந்தால் மேடைக்குப் போய் அன்பளிப்புக் கொடுங்கள். டிக்கெட் இல்லாத நாடகத்துக்கு அதுதான் டிக்கெட்.

விடிந்ததும் ஜமுக்காளங்கள் உதறப்படும். சீன்காரர்கள் தினைப்புனத்தைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவார்கள். தூங்கும் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆச்சி வீட்டுக்கு நடப்பார். ரசிகர் ரோட்டுக்கு வந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பார். சிவந்த கண்ணும், கக்கத்தில் மடித்த ஜமுக்காளமும், சட்டைப் பையில் நாலாக மடித்த நோட்டீஸும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்பார்: "என்ன அண்ணாச்சி, நாடகமா? தர்க்கத்துல யாரு ஜெயிச்சா?"

"அத ஏன் கேக்கீங்க! வள்ளி ஒரு கேள்வி போட்டா பாருங்க..." என்று அவர் தொடங்குவார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். டிரைவர் ரேடியோவைக் குறைப்பார். பஸ் சங்கரன்கோவில் வந்து சேரும் வரைக்கும் தர்க்கம் ஓடும்.